பூச்சியின் படம் கேட்டு எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிதி திரட்டும் தளத்தின் நிர்வாகத்தினருக்கு,

சென்ற வாரம் உங்கள் விளம்பரப் பிரிவிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் நாய் பூச்சி பிழைத்துவிட்டதில் உங்களுக்கு மிகவும் மகிழ்ச்சியாம். அவன் கதையை ‘வெற்றிக் கதைகள்’ பக்கத்தில் போட ஆசைப்படுகிறீர்களாம். வயிற்றில் தையலோடு ஒரு படம், இப்போது ஓடி விளையாடுகிற மாதிரி ஒரு படம், கூடவே இந்தத் தளம் எங்களுக்கு எப்படி உதவியது என்று மூன்று வரி. இவ்வளவுதான் கேட்டிருந்தீர்கள்.

மூன்று வரியில் எழுதிப் பார்த்தேன், அடங்கவில்லை. உங்கள் உதவிப் பிரிவுக்கு இதற்கு முன் ஆறு முறை எழுதினேன். ஆறுக்கும் எழுத்துப் பிசகாமல் ஒரே பதில் வந்தது. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

பூச்சிக்கு ஏழு வயது. ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு. வீட்டுக்கு வந்த அன்று என் மகளின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கினான், அதனால் அந்தப் பெயர். இப்போது 36 கிலோ. அந்த வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் இருக்கும், இருப்புக்கொள்ளாமல் நடக்க ஆரம்பித்தான். படுப்பான், உடனே எழுவான், திரும்பித் தன் விலாவையே பார்ப்பான். குமட்டிக் குமட்டி வாந்தி எடுக்கப் பார்த்தான், நுரைத்த எச்சிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. வயிற்றைத் தொட்டால் காற்றடைத்த பந்து. ஈறு வெளுத்திருந்தது. 10.50-க்கு அவசரக் கால்நடை மருத்துவமனையில் இருந்தோம்.

எக்ஸ்ரேயைப் பார்த்த உடனேயே மருத்துவர் சொல்லிவிட்டார்: வயிறு முறுக்கிக்கொண்டது. இரைப்பை காற்றால் உப்பித் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும். மேலே உணவுக்குழாய், கீழே குடல், இரண்டு வழியும் அடைபடும். உப்பிய இரைப்பை, உடலின் பின்பகுதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். ரத்த அழுத்தம் விழும். இரைப்பைச் சுவருக்கே ரத்தம் போகாமல் அது கறுத்துச் சாக ஆரம்பிக்கும். கிரேட் டேன், ஷெப்பர்ட், டாபர்மேன் மாதிரி நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மருந்தால் தீராது. வயிற்றைத் திறந்து, முறுக்கை எடுத்து, மறுபடி சுற்றிக்கொள்ளாமல் இருக்க இரைப்பையை வலது பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்க வேண்டும். தைக்காமல் விட்டால் பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்குத் திரும்ப வரும். தைத்தால் நூற்றில் ஐந்துக்கும் குறைவு. நேரத்தோடு அறுவை சிகிச்சை நடந்தால் பெரும்பாலான நாய்கள் பிழைக்கின்றன. அந்த ‘நேரத்தோடு’ என்பது மணிக்கணக்கு. நீங்கள் நாள்கணக்கில் பேசுகிறவர்கள் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

மதிப்பீட்டுத் தாள் வந்தது. அதில் பாதியை முன்பணமாகக் கட்டினால்தான் அறுவை சிகிச்சை அறைக்குள் கொண்டுபோவார்கள். எங்கள் சேமிப்பையும், எங்கள் இருவர் கடன் அட்டையில் மிச்சமிருந்ததையும் கூட்டினால் அந்தப் பாதியில் பாதி கூட வரவில்லை.

மருத்துவமனைமேல் எனக்குக் கோபம் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவில் மருத்துவர், மயக்க மருந்து பார்ப்பவர், செவிலியர் என்று ஐந்து பேர் விழித்திருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். மனிதர்களுக்கு இருப்பதுபோல அரசு மருத்துவத் திட்டமோ வேறெதுவோ பின்னால் வந்து கணக்கைத் தீர்க்காது. ‘நாளைக்குக் கட்டுகிறேன்’ என்று சொல்லிவிட்டு நாயோடு போனவர்கள் திரும்பி வராத கதைகளைக் கவுன்ட்டரில் இருந்த பெண்ணே சொன்னார். காப்பீடு எடுத்திருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். எடுத்திருக்கலாம். அது ஒன்றும் புதிய விஷயமும் இல்லை, சுவீடனில் 1924-லேயே நாய்க்குக் காப்பீடு வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான காப்பீடுகளில் முதலில் நாம் கட்டி, ரசீதைக் காட்டி, அப்புறம்தான் வாங்க முடியும். இரவு 11 மணிக்குக் கவுன்ட்டர் முன்னால் நிற்பவருக்கு அதுவும் கையில் வராத பணம்தான்.

உங்கள் தளத்தைத் திறந்தது என் மகள். வயது பதினாலு, கணக்கு என் பெயரில். பன்னிரண்டு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் பக்கம் தயாராகிவிட்டது. “எங்க பூச்சிக்கு வயிறு முறுக்கிக்கிச்சு. டாக்டர் காலைல வரைக்கும் தாங்காதுன்னு சொல்றாங்க” என்று தொடங்கி நாலு வரி எழுதினாள். நான் திருத்தவில்லை. உங்கள் முகப்பில் ‘சில நிமிடங்களில் தொடங்குங்கள்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். அது உண்மைதான். தொடங்க நிமிடங்கள் போதும்.

பணமும் வந்தது. அந்த நேரத்தில் இவ்வளவு பேர் விழித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு மணிக்குள் 31 பேர். அதில் இருபது பேரை எனக்கு யாரென்றே தெரியாது. முன்பணத்துக்குப் போதுமான தொகை திரையில் வந்துவிட்டது. மகள் போனைத் தூக்கிக்கொண்டு கவுன்ட்டருக்கு ஓடினாள். அந்தப் பெண் பார்த்தார், பாவமாக இருந்தது அவர் முகம். “திரையில இருக்கிற பணத்துக்கு நான் எப்படிம்மா ரசீது போடறது?” என்றார்.

‘பணம் எடுக்க’ என்ற பொத்தானை அழுத்திய பிறகுதான் உங்கள் விதி எங்களுக்குத் தெரிய வந்தது. சரிபார்ப்புக்கு 3 முதல் 5 வேலை நாள். அப்போது சனிக்கிழமை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

இதற்கிடையில் மருத்துவர் சும்மா இருக்கவில்லை. முன்னங்கால்களில் ஊசி ஏற்றித் திரவம் கொடுத்தார், விலாப் பக்கமாகத் தடித்த ஊசியைச் செலுத்திக் காற்றை வெளியேற்றினார். “இது நேரத்தைத்தான் வாங்கித் தரும், முறுக்கை எடுக்காது” என்றும் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, முடியாவிட்டால் உயிரை முடிக்கும் ஊசி போட்டுவிடலாம், வலிக்காது, அதில் தப்பில்லை என்றார். அந்தக் கேள்வியோடு நாங்கள் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம், மகளின் போனில் தொகை ஏறிக்கொண்டே இருக்க. பணம் இல்லாமல் அந்த முடிவை எடுப்பது ஒரு வேதனை. பணத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதை யோசிப்பது வேறு ரகம்.

1.40-க்கு என் அண்ணன் போனை எடுத்தார். மூன்று முறை அடித்து, நான்காவது முறை. அவர் அட்டை எண்ணைப் போனிலேயே சொல்லி முன்பணம் கட்டினார். இரண்டு மணிக்குப் பூச்சியை உள்ளே கொண்டுபோனார்கள். மண்ணீரலை எடுக்க வேண்டியிருந்தது. இரைப்பையில் கறுத்துப்போன ஒரு பகுதியையும் வெட்டி எடுத்தார்கள். அந்தத் தாமதத்தால்தான் இது என்று மருத்துவர் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. முன்பே கறுத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்று 11 மணிக்கு அவர் சொன்னதை நான் மறக்கவும் முடியாது.

ஆக, அந்த இரவில் உங்கள் தளம் எங்கள் நாயைக் காப்பாற்றவில்லை. அண்ணன் தூக்கம் கலைந்து போனை எடுத்தது காப்பாற்றியது. அவர் போனை அணைத்துவிட்டுத் தூங்கும் பழக்கம் உள்ளவராக இருந்திருந்தால் உங்கள் விளம்பரப் பிரிவு எனக்கு எழுதியிருக்காது.

சரி, அந்த இரவை விடுங்கள். அட்டையில் கொடுத்த பணத்தைக் கொடுத்தவர் பின்னால் மறுக்க முடியும், அதனால் நீங்கள் உடனே விடுவிக்கத் தயங்குவீர்கள், அது புரிகிறது. பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை மாலை, முன்பின் தெரியாத ஒருவர் எனக்குத் தகவல் அனுப்பினார். உங்கள் தளத்திலேயே இன்னொரு பக்கத்தில் பூச்சியின் படம் இருக்கிறது என்று. திறந்து பார்த்தேன். என் மகள் எடுத்த படம், மேசையில் படுத்தபடி, முன்னங்காலில் சுற்றிய நீலக் கட்டோடு. பெயர் மட்டும் ‘ராக்கி’. மகளின் நாலு வரியைக்கூட அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். நான் உடனே புகார் கொடுத்தேன். படம் எடுத்த நேரம் மகளின் போனில் பதிவாகியிருக்கிறது, அதையும் அனுப்பினேன். ஞாயிறு காலையில் நீங்கள் நடவடிக்கை எடுத்தீர்கள். ஒரே படம் இரண்டு இடத்தில் இருப்பதால் இரண்டு பக்கத்தையும் முடக்கினீர்கள்.

திருட்டுக் கொடுத்தவனையும் திருடனையும் ஒரே அறையில் பூட்டுவது என்ன முறை என்று கேட்க அங்கே ஆள் யாரும் இல்லை. ‘உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது’ என்ற பதில் மட்டும் இருந்தது.

முடக்கிய பக்கத்தில் என்ன எழுதி வைத்தீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்காது. ‘சந்தேகத்துக்குரிய செயல்பாடு காரணமாக இந்தப் பக்கம் விசாரணையில் உள்ளது.’ பணம் கொடுத்த அத்தனை பேருக்கும் அது தெரிந்தது. திங்கள்கிழமை என் கணவரின் அலுவலகத்தில் ஒருவர், பணம் கொடுத்தவர், தயங்கித் தயங்கிக் கேட்டாராம்: “நிஜமாவே நாய்க்குத்தானே?” என் கணவர் போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார், கட்டு, தையல், எக்ஸ்ரே எல்லாம். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய, நீங்கள் எழுதி வைத்ததை அவர் படித்தார். ஐந்து பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்களுக்கு மட்டும் இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்பதைப் பாராட்டாகவே சொல்கிறேன்.

எங்களிடம் கேட்ட ஆவணங்களுக்கு வருவோம். அடையாள அட்டை கேட்டீர்கள், கொடுத்தேன். நாய்க்கும் எனக்கும் உள்ள உறவுக்குச் சான்று கேட்டீர்கள். தடுப்பூசி அட்டையில் என் பெயர் இருந்தது, அனுப்பினேன். மருத்துவமனைப் பில் கேட்டீர்கள். மதிப்பீட்டுத் தாளையும் முன்பண ரசீதையும் அனுப்பினேன். மதிப்பீடு பில் ஆகாது, ரசீது வேறொருவர் அட்டையில் இருக்கிறது, முழுத் தொகையும் கட்டிய இறுதி ரசீது வேண்டும் என்றீர்கள். முழுத் தொகையும் கட்டத்தானே அந்தப் பணம்? கட்டினால் ரசீது, ரசீது இருந்தால் பணம், பணம் இருந்தால் கட்டலாம். இதை மூன்று கடிதத்தில் மூன்று விதமாக விளக்கினேன். மூன்றாவது கடிதத்தில் கொஞ்சம் கோபப்பட்டுவிட்டேன், அதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் இதயத் துடிப்பு தாறுமாறாகப் போகலாம், அதனால் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை பூச்சியை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். மீதித் தொகையைத் தவணையில் கட்டுவதாக எழுதிக் கொடுத்துக் கூட்டி வந்தோம். முதல் தவணையைக் கட்டியபோதும் நீங்கள் விசாரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். பதினொன்றாம் நாள் பணம் வந்தது. ஒரு விளக்கமும் இல்லாமல், முடக்கியது எவ்வளவு சத்தமில்லாமல் நடந்ததோ அவ்வளவு சத்தமில்லாமல். பக்கத்தில் இருந்த அந்த வாசகம் மறைந்தது. அது தவறு என்று அதே 31 பேருக்கும், பின்னால் சேர்ந்தவர்களுக்கும் தெரிவிக்கக் கேட்டேன். அதற்கும் அதே பதில்.

மோசடி நடக்கிறது என்பதை எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம், என் நாயின் படத்தையே திருடினார்கள். நோயுற்ற நாய் என்றால் மனம் இளகும், அதனால்தான் அந்தப் படத்துக்குச் சந்தையில் மதிப்பு. சரிபார்ப்பு வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. சரிபார்க்க வேண்டியதை விட்டுவிட்டு, சரிபார்க்க எளிதானதைச் சரிபார்க்கிறீர்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு. மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரிந்த வரை, இந்தப் பதினொரு நாளில் யாரும் அங்கே போன் செய்யவில்லை. கேட்டுப் பார்த்தோம்.

பூச்சியின் பாத்திரத்தை ஒரு ஸ்டூல்மேல் வைத்தது நான்தான். குனிந்து சாப்பிட்டால் கழுத்து வலிக்குமே என்று. பெரிய நாய்களுக்கு உயரத்தில் பாத்திரம் வைப்பது இந்த ஆபத்தைக் கூட்டுவதாக அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-த்திலேயே எழுதியிருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். ஸ்டூலை அன்றே எடுத்துவிட்டேன். என் பக்கத்துத் தப்பை நான் சொல்லிவிட்டேன், திருத்தியும் விட்டேன். உங்கள் பக்கத்திலிருந்தும் அதையே எதிர்பார்க்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சனிக்கிழமை இரவு, பூச்சியைப் பார்க்கப் போயிருந்தபோது, காத்திருக்கும் இடத்தில் வயதான ஒருவர் மடியில் ஒரு சின்ன நாயோடு இருந்தார். பெண் நாய், கருப்பையில் சீழ் கட்டியிருந்தது. அதற்கும் அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் தாமதிக்க முடியாது. நிதி திரட்டுவது எப்படி என்று அவர் என் மகளிடம் கேட்டார். மகள் உங்கள் தளத்தைத் திறந்து காட்டிவிட்டு, “எங்க பணமே இன்னும் வரல தாத்தா” என்று உண்மையைச் சொன்னாள். அவர் அந்த ‘3 முதல் 5 வேலை நாள்’ என்ற வரியை விரலால் தொட்டுப் படித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது கையில் கழுத்துப்பட்டை மட்டும் இருந்தது. ‘நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ’ என்று மகள் இன்னும் கேட்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று உங்கள் விளம்பரப் பிரிவிடம் கேளுங்கள்.

இனி நான் கேட்பவை.

அவசர மருத்துவத்துக்குத் திரட்டும் பணத்தை நேராக மருத்துவமனைக்குச் செலுத்த வழி செய்யுங்கள். மதிப்பீட்டுத் தாளில் மருத்துவமனையின் பெயர் இருக்கும், எண் இருக்கும். நீங்களே கூப்பிட்டு, இந்த நாய் அங்கே இருக்கிறதா, இந்தத் தொகை சரியா என்று உறுதிசெய்து, அவர்கள் கணக்கில் போடுங்கள். எங்கள் கையில் ஒரு காசு வராவிட்டால் நாங்கள் எப்படி ஏமாற்ற முடியும்? இந்த ஒன்றைச் செய்தாலே மற்ற பாதிக் கோரிக்கைகள் தேவைப்படாது. பணத்தை உடனே அனுப்ப முடியாவிட்டாலும், இவ்வளவு தொகை சேர்ந்திருக்கிறது, இன்ன நாளில் உங்களுக்கு வரும் என்று மருத்துவமனைக்கு ஓர் உறுதிக் கடிதமாவது அனுப்புங்கள். ரசீது போட அந்தப் பெண்ணுக்கு ஒரு காகிதம் போதும்.

அந்தப் பிரிவுக்கு மட்டுமாவது இரவிலும் விடுமுறை நாளிலும் ஒரு மனிதரை உட்கார வையுங்கள். பணம் வாங்கும்போது உங்களுக்கு வேலை நாள் கணக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

படம் திருடப்பட்டதாகப் புகார் வந்தால், இரண்டு பக்கத்தாரிடமும் அன்றைய தேதி எழுதிய சீட்டை நாயின் பக்கத்தில் வைத்துப் புதிய படம் ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாய் யாரிடம் இருக்கிறதோ அவர் அனுப்புவார். அதுவரை நிறுத்தி வைத்தாலும் ‘சந்தேகத்துக்குரிய செயல்பாடு’ என்று எழுதாதீர்கள், ‘சரிபார்க்கிறோம்’ என்று எழுதுங்கள். தப்பு உங்களுடையது என்று தெரிந்தால், எந்தெந்தப் பேருக்கு அந்த வாசகத்தைக் காட்டினீர்களோ அத்தனை பேருக்கும் அதைச் சொல்லுங்கள். எங்கள் விஷயத்தில் இது இன்னும் பாக்கி இருக்கிறது.

பணம் கையில் வர எத்தனை நாள் ஆகும் என்பதைப் பொத்தானை அழுத்திய பிறகு சொல்லாமல், பக்கம் தொடங்குவதற்கு முன்பே, ‘சில நிமிடங்களில் தொடங்குங்கள்’ என்ற அதே அளவு எழுத்தில் போடுங்கள். இதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை, இன்றைக்கே செய்யலாம். தெரிந்திருந்தால் நாங்கள் அண்ணனுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போன் போட்டிருப்போம்.

படத்தைப் பற்றி: பூச்சியின் படத்தையோ என் மகளின் வரிகளையோ உங்கள் விளம்பரத்தில் பயன்படுத்த அனுமதி இல்லை. ராக்கி என்ற பெயரில் இருந்த பக்கம் முடங்கித்தான் இருக்கிறது, இன்னும் நீக்கப்படவில்லை. முதலில் அங்கிருக்கும் அவன் படத்தை எடுங்கள். மருத்துவமனைக்கு நேராகப் பணம் போகும் ஏற்பாடு வந்த பிறகு திரும்ப எழுதுங்கள். அப்போது ஓடுகிற படம், தையல் தழும்புள்ள படம், இரண்டையும் மகளே எடுத்து அனுப்புவாள்.

இப்படிக்கு,
பூச்சி வீட்டம்மா